எங்கள் ஊருக்குத் தொழில் வருமா? வேலூர் வட்டார உள்ளாட்சிகளுக்கு ஒரு கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் பழைய வட ஆற்காட்டின் பகுதிகள். இங்கே கிராம சபையானாலும் வார்டு கூட்டமானாலும் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "நம்ம ஊருக்கு ஒரு கம்பெனி வராதா?" ஊராட்சித் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் இதையொட்டித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊராட்சியோ மாநகராட்சியோ நினைத்தால் ஒரு பெரிய தொழிற்சாலையைக் கொண்டுவர முடியுமா?

முடியாது. பெரிய முதலீட்டைப் பேசி முடிப்பது மாநில அரசு. அதற்கென்றே 1992இல் தொடங்கிய கைடன்ஸ் நிறுவனம் இருக்கிறது. நிலம் எடுத்து, சாலை போட்டு, மனை பிரித்து 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுப்பது 1971இல் தொடங்கிய சிப்காட். முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மின்வரி விலக்கு, மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருவது போன்ற சலுகைகளும் கோட்டையிலிருந்துதான் வரும். 2021ஆம் ஆண்டுத் தொழில் கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து, பின்தங்கிய மாவட்டத்துக்குப் போகிற கம்பெனிக்குக் கூடுதல் சலுகை வைத்தது. இதில் எதிலும் ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்கு வேலை இல்லை.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் 1,500 கோடி ரூபாய்க் காலணி ஆலைக்கு அடிக்கல். அதில் மட்டும் 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. இவற்றைப் பேசி முடித்தது மாநில அரசு. ஆனால் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் குடியேறப் போகும் தெரு, அவர்கள் குடிக்கப் போகும் தண்ணீர், அள்ள வேண்டிய குப்பை, ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்து போகிற சாலையின் விளக்கு எல்லாம் பனப்பாக்கம் பேரூராட்சியின் தலையிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளின் தலையிலும்தான் விடியும். முதலீட்டை வரவழைப்பது கோட்டை. வந்தது இங்கே வேரூன்றுமா என்பது உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது அதைத்தான்.

மாவட்டம் பிரிந்தபோது தொழிற்சாலை எல்லாம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டதே, வேலூருக்கு என்ன மிச்சம்?

ஆதங்கம் நியாயமானதுதான். 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்தபோது சிப்காட், மின் நிலையக் கருவிகள் செய்யும் மத்திய அரசின் பெல் ஆலை, மேல்விஷாரம் தோல் கூடங்கள் ராணிப்பேட்டையோடு போயின. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரோடு போயின. வேலூருக்கு மிஞ்சியவை காட்பாடியில் சிறுதொழிலுக்கான அரசு நிறுவனமான சிட்கோவின் தொழிற்பேட்டை, காட்பாடிக்குப் பக்கத்தில் அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலை, குடியாத்தத்தின் கைத்தறி லுங்கியும் தீப்பெட்டியும் பீடியும், பேரணாம்பட்டின் தோல் தொழில்.

இதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. 1900இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையும் 1984இல் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. சென்னை, பெங்களூரு இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊர் வழியாகப் போகிறது. காட்பாடி ஜங்ஷனில் சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என்று நாலு பக்கமும் ரயில் பிரிகிறது. இவ்வளவு இருந்தும் "எங்களிடம் ஒன்றும் இல்லை" என்று மனு எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இல்லாததை எழுதுவதற்கு முன் இருப்பதை எழுதிப் பழக வேண்டும்.

அப்படியென்றால் உள்ளாட்சியின் கையில் என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பலகை வைத்துத் திறப்பு விழா நடத்த முடியாத வேலைகள் என்பதால் கண்ணில் படுவதில்லை.

முதலில் சாலையும் வடிகாலும். நாற்பதடி கன்டெய்னர் லாரி ஒரு முனையில் திரும்ப முடியவில்லை என்றால், சரக்கைச் சின்ன வண்டியில் ஏற்றி, மெயின் ரோட்டில் மாற்றி ஏற்ற வேண்டும். ஏற்றுக்கூலி இரண்டு முறை, நேரம் இரண்டு மடங்கு. வெல்டிங் பட்டறைக்கு முன்னால் சாக்கடை அடைத்து மழைத்தண்ணீர் முழங்கால் அளவு நின்றால், அன்றைக்கு மோட்டார் போட முடியாது. தினக்கூலி ஆட்கள் திரும்பிப் போவார்கள். கடன் தவணை மட்டும் நிற்காது. பட்டறைக்காரர் இடம் மாற முடிவெடுப்பது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். சலுகை பற்றாமல் போனவர்களைவிட வடிகால் இல்லாமல் போனவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு.

அடுத்தது அனுமதி. கட்டட வரைபட அனுமதி, தொழில் உரிமம், ஊராட்சிப் பகுதியில் இயந்திரம் நிறுவ அனுமதி எல்லாம் உள்ளாட்சியின் வாசலைத் தொட்டுத்தான் போகும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திலும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கி, காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்று 2018இல் தொழில் எளிதாக்கல் சட்டமும் வந்துவிட்டது. ஒற்றைச் சாளரத்தில் ஆன்லைனில் போட்டால் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். "அளக்க ஆள் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் ஒரு கூட்டத்தில் தொடங்கி மூன்று கூட்டம் வரை நீண்டால், கடன் வாங்கி ஷெட் போட்டவர் வட்டி கட்டியே ஓய்ந்துவிடுவார்.

அப்புறம் தண்ணீர். வேலூர் காவிரி கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் ஊர். குடிநீருக்கே கணக்குப் பார்க்கும் இடத்தில், தொழிலுக்கு எவ்வளவு, எங்கிருந்து என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரைத் தொழிலுக்குக் கொடுக்க மாநகராட்சியால் முடியும். இதில் முனைப்பாக இறங்குகிற ஊரை முதலீட்டாளர் தேடி வருவார்.

வீட்டு வரி, தொழில் வரியைத் தள்ளுபடி செய்து கம்பெனியை அழைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு கம்பெனியின் மொத்தச் செலவில் உள்ளாட்சி வரி சின்னப் பங்கு. அதை விட்டுக்கொடுப்பதால் அவர்கள் முடிவு மாறப் போவதில்லை. ஆனால் ஊராட்சிக்கு அது பெரிய பணம். தொழில் வரிக்கு அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. உச்ச அளவில் கட்டுகிற 1,000 பேர் வேலை செய்தால் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய். சம்பளம் குறைவாக இருந்தால் வரியும் குறையும், ஆனாலும் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் அல்லாடும் ஊராட்சிக்கு அது உயிர்நாடி. தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த தொழில் வரி ஒழுங்காக வந்து சேர்கிறதா, கட்டடம் பெரிதான பிறகு சொத்து வரி மறு அளவீடு ஆனதா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் ஊராட்சியில் புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது. அதைக் கம்பெனிக்குக் கொடுக்க முடியுமா?

ஊராட்சி தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. முதலில் வருவாய்க் கணக்கில் அது என்ன நிலம் என்று பார்க்க வேண்டும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்றிருந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007லேயே சட்டம் வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் ஏரி போனால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளும் போகும். மேய்க்கால் என்றால் ஆடு மாடு வைத்திருப்பவர்களின் வயிற்றில் கை வைப்பதாகும். தரிசு என்றிருந்தால் வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்குப் போய், அரசு முடிவெடுக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சர்வே எண், பரப்பு, சாலை எத்தனை அடி அகலம், மின்கம்பி எவ்வளவு தூரம், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று ஒரே தாளில் எழுதி, கிராம சபைத் தீர்மானத்தோடு மாவட்டத் தொழில் மையத்தில் கொடுங்கள். சிட்கோ சின்னத் தொழிற்பேட்டைக்கு இடம் தேடும்போது, விவரம் தயாராக உள்ள ஊரைத்தான் முதலில் வந்து பார்ப்பார்கள்.

தோல் தொழில் நம் பகுதிக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

தோல் பதனிடுதல் இங்கே வேர்விட்டதற்குக் காரணங்கள் இருந்தன. பாலாற்றுத் தண்ணீர், மலையடிவாரத்தில் விளைந்த ஆவாரம்பட்டை, சென்னைத் துறைமுகம், தலைமுறையாக இந்த வணிகத்தை அறிந்த இஸ்லாமியக் குடும்பங்கள். பட்டையில் பதனிட்ட அரைப்பதத் தோல் கப்பலேறியது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருளையும் அனுப்பச் சொன்னது. உள்நாட்டில் மதிப்புக் கூட வேண்டும் என்ற நோக்கம் சரியானது. அதன் பயனாகத்தான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் வளர்ந்தன. இன்றும் காலையில் மாதனூர், பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையோரம் நின்று பார்த்தால் தெரியும்: டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள். கூலிக்கு வயலுக்குப் போன அம்மாவின் மகள் பி.எஃப். எண்ணோடு வேலைக்குப் போவது சின்ன மாற்றம் இல்லை.

அதே முடிவின் மறுபக்கம், தோல் பதனிடப் பட்டை போய் குரோமிய ரசாயனம் வந்தது. கழிவு எங்கே போகும் என்று யாரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை. பாலாற்றுக்கும் ஏரிக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. நம் ஊர்க் கிணறுகளின் பெயரால் நாடு முழுவதற்கும் கிடைத்த சட்டம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேர வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு கிடக்கிறது. 2015 ஜனவரியில் சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழில் வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன், எழுதுகிறேன். அந்தப் பத்துப் பேரை மறந்துவிட்டு அதை எழுத என்னால் முடியாது.

தொழிலைக் கொண்டுவரும் முடிவு டெல்லியிலோ சென்னையிலோ எடுக்கப்படும். கழிவு மட்டும் ஊராட்சி எல்லைக்குள் தங்கும். அதனால் கேள்வி கேட்கும் கடமை ஊராட்சிக்கு இருக்கிறது.

அப்படியானால் எதையெல்லாம் கேட்க வேண்டும்? கேட்டால் கம்பெனி ஓடிவிடாதா?

ஒழுங்காக நடத்துகிறவர் ஓடமாட்டார். அவரிடம் பதில் தயாராக இருக்கும். மாசின் அளவைப் பார்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் நிற வகைப்பாட்டில் சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா, வெள்ளையா? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ஆழ்துளைக் கிணறா, லாரியா, மறுசுழற்சியா? திடக்கழிவை யார் எடுத்துப் போகிறார்கள், ஒப்பந்தம் எங்கே? ஆறு, ஏரியிலிருந்து எவ்வளவு தூரம்? மாசு மிகுந்த தொழில்களை நீர்நிலைகளுக்கு அருகே வைக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1989லேயே ஆணை போட்டிருக்கிறது. கூட்டத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து வருகிற புதுத் தலைவருக்கு அது கைகொடுக்கும்.

ஒரு பெரிய ஆலை வந்தால் சுற்றிலும் சின்னப் பட்டறைகள் தானாக வளருமா?

வளரும், ராணிப்பேட்டையே சாட்சி. 1980களின் தொடக்கத்தில் பெல் ஆலை வந்தது, அதை நம்பி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வரிசையாக வந்தன. ஆனால் அனல் மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அந்தப் பட்டறைகள் தவித்துப் போயின. ஒரே வாங்குபவரை நம்பி ஊரையே கட்டக் கூடாது. பனப்பாக்கத்தைச் சுற்றி இப்போது நிலம் வாங்கி ஷெட் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

தொழிற்சாலை இல்லாமல் வேலைவாய்ப்பு வருமா?

வேலூர் மாநகராட்சிக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, சி.எம்.சி.க்கு எதிரே உள்ள தெருக்களில் ஒரு முறை நடந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். கடைப் பலகையில் வங்காள எழுத்து, இந்தி எழுத்து. மளிகைக் கடையில் கடுகெண்ணெய். மீன் குழம்பும் சோறும் என்று வங்காளச் சமையல் மெஸ். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். லாட்ஜ், மருந்துக்கடை, ஆட்டோ, சலவை, பழக்கடை, மொழி தெரிந்து கூட வருகிற உதவியாளர் என்று எத்தனை குடும்பங்களுக்கு அடுப்பெரிகிறது! ஒரு சிப்காட் கொடுக்கிற பிழைப்புக்குக் குறைந்தது இல்லை இது.

இதை யாரும் தொழில் வளர்ச்சி என்று கணக்கில் எழுதுவதில்லை. அதனால்தான் அந்தத் தெருக்களின் நிலைமை அப்படியே கிடக்கிறது. டிரிப் ஏற்றிய கையோடு ஒருவர் நடந்து வருகிறார், நடைபாதையில் வண்டி நிற்கிறது. கூட வந்த பெண்ணுக்குச் சுத்தமான கழிப்பறை அருகில் இல்லை. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாத பயம். நடைபாதையைக் காலி செய்வது, கழிப்பறை கட்டிப் பராமரிப்பது, லாட்ஜ்களில் தீயணைப்பு ஏற்பாட்டையும் குடிநீரையும் சரிபார்ப்பது, வங்காளத்திலும் இந்தியிலும் வழிகாட்டிப் பலகை வைப்பது. இவற்றுக்கு மாநகராட்சி முனைந்தால் போதும், பெரும்பாலானவற்றுக்குச் சென்னையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். நோயாளியாக வந்தவர் மரியாதையோடு தங்கிப் போனால், அடுத்தவரை அவரே அனுப்பிவைப்பார்.

டைடல் நியோ, விமான நிலையம் எல்லாம் வந்தால் நிலைமை மாறுமா?

ஓரளவு. மேல்மொணவூரில் ஐ.டி. கம்பெனிகளுக்கான டைடல் நியோ கட்டடம், அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இரண்டும் நல்ல முயற்சிகள். வி.ஐ.டி.யில் படித்தவர்கள் முடித்ததும் பெங்களூருக்கு ரயில் ஏறுவதைத் தடுக்க, கட்டடத்தோடு தங்குமிடம், இரவு பஸ், நல்ல இணைய வசதி எல்லாம் சேர வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா, வெளியாட்களுக்குத்தான் போகுமா?

ஆலை வருவதற்கு முன்பே தயாரானால் கிடைக்கும். கட்டுமானம் நடக்கும் காலம்தான் பயிற்சிக் காலம். எந்த இயந்திரம், எத்தனை பேர், என்ன படிப்பு என்று கம்பெனியிடம் ஊராட்சி எழுதிக் கேட்கலாம். அரசு ஐ.டி.ஐ., மாநில அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி ஆகியவற்றுக்கு ஊர்ப் பிள்ளைகளின் பட்டியலை அனுப்பலாம். பெண்களுக்கு ஷிப்ட் வேலை என்றால் பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா என்பதே வீட்டில் "போ" என்று சொல்வதைத் தீர்மானிக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களையும் பகையாகப் பார்க்காதீர்கள். அவர்களும் உங்கள் ஊரில் வாடகை கொடுத்து, அரிசி வாங்கி வாழப் போகிறவர்கள்தான்.

நான் சின்ன அளவில் தொடங்க வேண்டும். யாரைப் பார்ப்பது?

மாவட்டத் தொழில் மையம். இடைத்தரகர் இல்லாமல் நேரில் போங்கள்.

புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம் உண்டு, அதிகபட்சம் 75 லட்சம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் தொழில் தொடங்க 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி. மத்திய அரசின் சுயதொழில் மானியத் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யில் திட்ட மதிப்பு உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை இருக்கலாம். கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடன். காலணி, தோல் பொருள் என்றால் 2022இல் வந்த தனிக் கொள்கையையும் கேட்டுப் பாருங்கள். மானியத்தை நம்பித் தொழில் தேர்வு செய்யாதீர்கள். வாங்குகிறவர் யார் என்று தெரிந்த பிறகு மானியத்தைக் கேளுங்கள்.

பணம் கொடுக்காமல் கோப்பு நகராது என்கிறார்களே?

அப்படி நடக்கிற இடங்கள் உண்டு, மறைப்பதில் பயன் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பித்து ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடு தாண்டினால் எழுத்தில் கேளுங்கள். பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. ஒரு பட்டறைக்காரரிடம் வாங்குகிற கையூட்டு, அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர இருந்த ஒருவரின் சம்பளத்திலிருந்து போகிறது.

நான் வார்டு உறுப்பினர். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வார்டில் இப்போது இருக்கிற பட்டறை, தறிக்கூடம், ஷெட் எல்லாவற்றுக்கும் நேரில் போங்கள். ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், உள்ளாட்சியால் தீர்க்கக்கூடிய குறை என்ன, மூடிக்கிடந்தால் ஏன் மூடினார்கள். புதிதாக ஒருவரை அழைப்பதைவிட, கிளம்ப இருப்பவரை நிறுத்துவது எளிது. குறைகளில் சாலை, வடிகால், விளக்கு, குப்பை ஆகியவற்றைத் தனியே பிரித்துத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஊராட்சியில் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. பட்டறைக்காரர்களையும் அங்கே வேலை செய்யும் பெண்களையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்து, அவர்களையே பேசச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இன்னொன்றை மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளருக்கும் அனுப்பி, ஒப்புகையை வாங்கி அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள்.